விண்ணப்பத்தில் 'உறவு' என்ற கட்டம்

2022 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெருந்துறை அருகே அவளுடைய ஸ்கூட்டரை ஒரு மினி லாரி இடித்துத் தள்ளிவிட்டுப் போய்விட்டது. வலது தொடை எலும்பு முறிந்தது. அங்கிருந்தவர்கள் ஆம்புலன்ஸில் ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார்கள். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் பேரேட்டைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டு நான் ஓடினேன். அவள் முழு நினைவோடு இருந்தாள். வலியில் உதடு வெளுத்திருந்தது. ஆனாலும் என்னைப் பார்த்ததும் கேட்டது, "வண்டிக்கு இன்சூரன்ஸ் கட்டினாயா?" என்றுதான். போன மாதம்தான் கட்டியிருந்தேன்.

செவிலியர் ஒப்புதல் படிவத்தைக் கொண்டுவந்தார். பெயர், வயது, முகவரி எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டம் 'உறவு'. இணையாக வாழும் நாங்கள் 13 ஆண்டுகளாக வெளியே சொல்லி வந்ததையே அதிலும் எழுதினேன்: தங்கை. ஆதார் நகல் கேட்டார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்த அலுவலர், "தகப்பனார் பெயர் வேறாக இருக்கிறதே அம்மா?" என்றார். பெரியம்மா மகள் என்றேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "கூடப் பிறந்தவர்கள் யாராவது வரட்டும்."

கூடப் பிறந்தவர் அவளுக்கு ஒரே ஓர் அண்ணன். காங்கேயத்துக்குப் பக்கத்தில் தோட்டம். அவளோடு அவர் பேசி 6 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய கல்யாணத்தில், மாப்பிள்ளைக்குக் கூடப் பிறந்தவள் செய்யும் இணைச்சீரைச் செய்தவள் இவள்தான்; அது வேறு காலம். நான் போன் செய்தேன். கரூர்ப் பக்கம் ஒரு துக்க வீட்டில் இருந்தார். காரணம் எதுவும் கேட்காமல் "வருகிறேன்" என்றார். அவர் வந்து சேர 5 மணி நேரம் ஆயிற்று. வந்தார், 'அண்ணன்' என்று எழுதினார், கையெழுத்துப் போட்டார். எல்லாம் சேர்த்து ஒரு நிமிடம் இருக்கும். அந்த 5 மணி நேரமும் அவள் காலில் எடை கட்டித் தொங்கவிட்டபடி கிடந்தாள்.

பிறகு ஒரு வழக்கறிஞரிடம் இதைச் சொன்னபோது அவர் தலையில் அடித்துக்கொண்டார். நோயாளி 18 வயது நிரம்பியவர், நினைவோடு இருக்கிறார் என்றால் ஒப்புதல் கொடுக்க வேண்டியவர் அவரேதான். 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவளிடமே படிவத்தை நீட்டியிருந்தால் போதும். நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை, அவர்களுக்கும் தோன்றவில்லை. 'உறவு' என்ற அந்தக் கட்டத்தில் எழுதப் பொய் ஒன்று வேண்டும் என்ற பதற்றத்திலேயே எனக்கு மூளை நின்றுவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: நினைவு இருக்கிறவரை படிவத்தை நோயாளியின் கையில் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். மெதுவாக, சண்டை போடாமல், ஆனால் விடாமல்.

'பெரியம்மா மகள்' என்பது நாங்கள் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த உறவு. 2011இல் ஈரோட்டில் வாடகைக்கு வீடு தேடியபோது, அக்கா தங்கை என்றுதான் முதலில் சொன்னோம். வீட்டுக்காரம்மா அடுத்த நொடியே, "நீங்கள் என்ன கூட்டமுங்க?" என்றார். கூட்டம் என்றால் அப்பா வழியில் வரும் குலப்பிரிவு; கொங்கில் இந்தக் கேள்வியிலிருந்து தப்பித்தவர்கள் கிடையாது. இருவரும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம், வேறு வேறு கூட்டம். அந்த வீடு கிடைக்கவில்லை. அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் பாடம் படித்துக்கொண்டோம். அம்மாக்கள் கூடப் பிறந்தவர்கள் என்றால் கூட்டம் வேறாக இருக்கலாம், அக்கா தங்கை முறையும் கெடாது. அது 11 ஆண்டுகள் ஓடியது. எங்கள் தெருவில் அவள் பெரியக்கா, நான் சின்னக்கா. வீட்டில் எப்படி என்று கேட்டால், அவள் என்னை ஒருமையில்தான் கூப்பிடுவாள். கோபம் வந்தாலோ கேலி செய்வதானாலோ மட்டும் 'ங்க' போடுவாள்.

இருவரும் ஒரே சாதி என்பது எங்களுக்குப் பெரிய மறைப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்துக்கு அருகே 2016 மார்ச்சில் பட்டப்பகலில், வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டதற்காக ஒரு பையனை வெட்டிக் கொன்றார்கள். சட்டப்படி கல்யாணம் செய்துகொண்ட ஆணும் பெண்ணும் அவர்கள். அந்தக் கல்யாணத்தை எந்த நீதிமன்றமும் செல்லாது என்று சொல்லிவிட முடியாது. ஆகவே சட்டம் வந்துவிட்டால் இந்த ஊரில் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற ஆள் நான் இல்லை. சட்டம் இல்லாவிட்டால் என்னென்ன ஆகிறது என்பதை மட்டும் கணக்குப் பார்க்கத் தெரியும்.

2023 அக்டோபர் 17 அன்று மண்டியில் என் மேசை அறையைச் சாத்திவிட்டு, செல்போனில் உச்ச நீதிமன்ற நேரலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே விரலி மஞ்சளுக்கு ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஒரே பாலினத்தவரின் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்று ஐதராபாத்தைச் சேர்ந்த சுப்ரியோ, அபய் என்ற இருவர் தொடங்கிவைத்த வழக்கு. ஏப்ரல், மே மாதங்களில் 10 நாள் விசாரணை நடந்தது. அதையும் ஒரு நாள் விடாமல் கேட்டிருந்தேன். முதலில் தலைமை நீதிபதி சந்திரசூட் வாசித்தார். இது நகரத்து மேல்தட்டுப் பழக்கம் அல்ல, கிராமத்துப் பெண்களிடமும் உண்டு என்று அவர் சொன்ன இடத்தில் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எழுமாத்தூர்க்காரியான என்னைப் பற்றித்தான் பேசுகிறார் போல. பிறகு நீதிபதி ரவீந்திர பட் வாசித்தார். எண்ணிக்கை எங்கே போகிறது என்பது சிறிது நேரத்தில் புரிந்துவிட்டது.

திருமணம் செய்துகொள்வது அரசியல் சாசனம் தந்த அடிப்படை உரிமை அல்ல என்பதில் 5 நீதிபதிகளுக்கும் ஒரே கருத்து. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை எங்களுக்கும் பொருந்துமாறு நீதிமன்றம் திருத்தி வாசிக்க முடியாது, அது நாடாளுமன்றத்தின் வேலை என்பதிலும் அப்படியே. திருமணம் இல்லாவிட்டாலும் சேர்ந்து வாழ்வதற்கு ஏதாவது ஒரு சட்டப் பெயர் தர வேண்டும் என்று சந்திரசூட்டும் கவுலும் சொன்னார்கள். பட், கோலி, நரசிம்மா மூவரும் இல்லை என்றார்கள். 3க்கு 2. தத்தெடுப்பும் அதே 3க்கு 2இல் போயிற்று. திருநங்கையோ திருநம்பியோ ஆண்–பெண் இணையாக இருந்தால் இப்போதுள்ள சட்டத்திலேயே மணக்கலாம் என்பதை மட்டும் எல்லோரும் ஏற்றார்கள். அதை நம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலிலேயே, தூத்துக்குடி இணையர் வழக்கில், மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று சொல்லிவிட்டது.

2018இல் ஹாதியா வழக்கில் இதே நீதிமன்றம், விரும்பியவரை மணப்பது, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் காப்பளிக்கும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவுக்குள் அடங்கியது என்று சொன்னது. அதே 2018 செப்டம்பர் 6 அன்று, எங்கள் உறவைக் குற்றமாக்கிய 377ஆம் பிரிவிலிருந்து எங்களை விடுவித்தது. இரண்டையும் கூட்டினால் விடை வரும் என்று நான் நினைத்திருந்தேன். கூட்டல் அவ்வளவு எளிதில்லை போலும். நீங்கள் சேர்ந்து வாழலாம், யாரும் தொந்தரவு செய்யக் கூடாது, ஆனால் அந்த வாழ்க்கையைப் பதிவு செய்துதர அரசுக்குக் கடமை இல்லை. எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், குடியிருந்துகொள், பட்டா கேட்காதே. 2025 ஜனவரி 9 அன்று மறுசீராய்வு மனுக்களையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

தீர்ப்பு வந்த அந்த அக்டோபர் 17 மாலை வீட்டுக்கு வந்தேன். அவள் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பிக் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். "என்ன ஆயிற்று?" என்றாள். "இன்னும் பெரியம்மா மகள்தான்" என்றேன்.

எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, இருந்திருந்தால் சிரித்திருப்பார். அவரும் ஆத்தாவும் 1951இல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். கல்யாணச் சடங்கு நடத்தும் அருமைக்காரர் இல்லை, மங்கல வாழ்த்து இல்லை, ஐயர் இல்லை. பெரியார் பிறந்த ஊருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்பது அவர் வாதம். மாலை மாற்றிக்கொண்டார்கள், ஒருவர் பேசினார், எல்லோரும் சாப்பிட்டார்கள். 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் அப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. அப்பாரு அதைப் பொருட்படுத்தாமல் கத்திரிக்காய் நட்டுக்கொண்டிருந்தார். அண்ணா முதலமைச்சராக இருந்தபோது 1967இல் சட்டமன்றம் இந்து திருமணச் சட்டத்தில் 7அ என்ற பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன்பு நடந்த திருமணங்களும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று அதில் எழுதியிருக்கிறது. என் அப்பாவும் இரண்டு அத்தைகளும் ஒரே நாளில் முறைப்படியான பிள்ளைகள் ஆனார்கள். அப்பாவுக்கு அப்போது 15 வயது.

அந்த 7அ பிரிவை நான் பலமுறை படித்திருக்கிறேன். 'எந்த இரு இந்துக்களுக்கும் இடையே' என்று தொடங்குகிறது. ஆகா, எந்த இருவரும்! நான்கு வரி தள்ளி 'மனைவியாக', 'கணவராக' என்று வந்துவிடுகிறது. கதவைத் திறந்துவைத்துவிட்டு உள்ளே ஒரு திரையைத் தொங்கவிட்டது போல. சட்டம் எழுதியவர்களைக் குறை சொல்ல மாட்டேன், 1967இல் அவர்களுக்கு நாங்கள் நினைவுக்கு வந்திருக்க வாய்ப்பில்லை.

ஆக, ஒரு கையெழுத்தில் மற்றவர்களுக்குக் கிடைப்பதை நாங்கள் காகிதம் காகிதமாகச் சேர்க்க வேண்டியிருந்தது. விபத்துக்குப் பிறகு ஒரு நீல நிற ஃபைல் வாங்கினேன். அதில் இப்போது 11 காகிதங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை, எதில் அடிபட்டோமோ அதைச் சொல்கிறேன்.

முதலாவது வீடு. 2019இல் வாங்கினோம். பணம் பாதிக்குப் பாதி. இரண்டு பெயரிலும் வீட்டுக் கடன் கேட்டபோது, கணவன் மனைவியோ பெற்றோரோ இல்லாமல் கூட்டுக் கடன் கொடுப்பதில்லை என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். சம்பளச் சான்று நன்றாக இருந்ததால் அவள் பெயரில் மட்டும் வாங்கினோம். பெரிய தவறு. கடன் ஒருவர் பெயரில் இருந்தாலும் கிரயப் பத்திரத்தில் இருவர் பெயரும் வருமா என்று இன்னும் இரண்டு வங்கிகளில் கேட்டிருக்க வேண்டும். பிறகு என் பாதியை என் பெயருக்கு மாற்றலாம் என்று பத்திர எழுத்தரிடம் போனோம். "என்ன உறவுங்க?" அவருக்கும் அதே கேள்விதான், ஆனால் காரணம் இருந்தது. குடும்பத்துக்குள் செட்டில்மென்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதற்கும் உச்சவரம்பு உண்டு. வெளியார் என்றால் 7 சதவீதம். என் பாதிக்கு வழிகாட்டி மதிப்பு 14 லட்சம். குடும்பமாக இருந்திருந்தால் 14,000 ரூபாய், இல்லாததால் 98,000. பதிவுக் கட்டணம் தனி. வித்தியாசம் 84,000 ரூபாய். அரசியல் சாசன உரிமை என்று பெரிய பெரிய வார்த்தைகளில் பேசுவதை எங்கள் மண்டி முதலாளிக்குப் புரியவைக்க வேண்டுமானால் இந்த ஒரு எண் போதும்.

அந்தப் பணத்தைக் கொடுக்க மனம் வராமல் உயில் எழுதினோம். உயிலுக்கு முத்திரைத் தாள் வேண்டாம். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். இரண்டு சாட்சிகள் வேண்டும். உயிலால் பயன் அடைபவர் சாட்சிக் கையெழுத்துப் போடாமல் இருப்பதும், எழுதும் இடத்திலேயே இல்லாமல் இருப்பதும் நல்லது. நான் பதிவு அலுவலகத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். எங்கள் சாட்சிகள் மண்டியில் எடை போடும் அண்ணனும், அடுத்த வீட்டுத் தையல்காரப் பெண்ணும். இருவருமே எங்களைவிட இளையவர்கள். சாட்சிகள் நமக்குப் பிறகும் உயிரோடு இருக்க வேண்டுமே. அவள் நல்ல மனநிலையில் இருக்கிறாள் என்று அன்று காலையில் வாங்கிய மருத்துவச் சான்றையும் இணைத்தோம்.

எழுத்தர் எழுதிய வாசகத்தில் ஒன்றை மட்டும் நான் கேட்டுச் சேர்த்தேன். 'சுயார்ஜித சொத்து', அதாவது தானே சம்பாதித்தது, என்று அழுத்தமாக எழுதியிருந்தார், சரி. ஆனால் ஏன் கூடப் பிறந்தவருக்குக் கொடுக்கவில்லை என்று ஒரு வரி வேண்டும் என்றேன். காரணம் சொல்லாத உயிலைத்தான் சந்தேகம் சுற்றுகிறது. அவளே சொல்லச் சொல்ல அவர் எழுதினார்: பூர்வீகச் சொத்தில் என் பங்கை அண்ணன் அனுபவித்துவருகிறார், அதில் நான் தலையிடப்போவதில்லை, இந்த வீட்டுக்குப் பாதிப் பணம் கொடுத்தவரும், என்னைப் பராமரித்துவருபவரும் இன்னார். தோட்டத்துப் பங்கை விட்டுக்கொடுத்தது எனக்கு முழுச் சம்மதம் இல்லை. அவளுக்கு அண்ணனோடு வழக்கு வேண்டாம். நான் வாயை மூடிக்கொண்டேன். உயில் இல்லாமல் கல்யாணமாகாத ஒரு பெண் இறந்தால், இந்து வாரிசு உரிமைச் சட்டப்படி அவளுடைய சொத்து தாய் தந்தைக்கு; அவர்கள் இல்லையென்றால் தந்தையின் வாரிசுகளுக்கு. பாதிப் பணம் போட்டவள் அந்த வரிசையில் எங்கேயும் இல்லை.

அடுத்தது நாமினி. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். நாமினி போட்டுவிட்டால் பணம் நாமினிக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொள்கிறோம். நாமினி பணத்தை வாங்கி உரிய வாரிசுக்குக் கொடுக்கக் கடமைப்பட்டவர், அவ்வளவுதான். ஆயுள் காப்பீட்டில் 2015 திருத்தத்துக்குப் பிறகு பெற்றோர், கணவன், மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சேரும். எனக்கு அது இல்லை. ஆகவே நாமினியில் இருக்கும் பெயரே உயிலிலும் இருக்க வேண்டும். வங்கிக் கணக்கு எண், பாலிசி எண் எல்லாவற்றையும் உயிலில் குறிப்பிட்டோம். கூட்டுக் கணக்கை 'இருவரில் ஒருவர் அல்லது உயிரோடு இருப்பவர்' என்ற முறையில் வைத்தோம். 2024 ஆகஸ்ட் 28 அன்று மத்திய நிதி அமைச்சகம் எங்களைப் போன்றவர்கள் கூட்டுக் கணக்குத் தொடங்கவும் இணையை நாமினி ஆக்கவும் தடையில்லை என்று அறிவித்தபோது செய்தித்தாள்கள் பெரிதாக எழுதின. தடை அதற்கு முன்பும் இல்லை. யாரும் யாரோடும் கூட்டுக் கணக்குத் தொடங்கலாம். ஆனால் கவுண்ட்டரில் உள்ளவர் முகம் சுளித்தால் காட்டுவதற்கு ஒரு காகிதம் கிடைத்ததே, அது லாபம்.

வருங்கால வைப்பு நிதிதான் வேடிக்கை. பனியன் கம்பெனியில் சேர்ந்தபோதே என் பெயரை நாமினியாகப் போட்டிருந்தாள். அந்தத் திட்டத்தின்படி, குடும்பம் இருப்பவர் குடும்பத்துக்கு வெளியே நாமினி போட்டால் செல்லாது. அவளை நம்பி இருக்கும் தாயும் குடும்பம்தான். அவளுடைய அம்மாவுக்கு மாதா மாதம் பணம் அனுப்புவது அவள்தான். அப்படியானால் என் பெயர் வெறும் மை. அம்மா பெயருக்கு மாற்றினோம். எனக்கு வருத்தமில்லை. அவளுடைய அம்மா, எனக்கு அத்தை, எங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை, ஆனால் நோம்பி பண்டிகைக்கு வரும்போதெல்லாம் முறுக்கை இரண்டு டப்பாவில் தனித்தனியாகக் கட்டிக்கொண்டு வருவதில்லை, ஒரே டப்பாதான். "அம்மணி, அவளுக்கு உப்பைக் குறைத்துப் போடு" என்று என்னிடம்தான் சொல்லுவார்.

நமக்குப் பதிலாகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் பவர் பத்திரம் எழுதிவைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எழுதிக்கொடுத்தவர் இறந்தால் பவர் முடிந்தது. மனநிலை தவறினாலும் முடிந்தது. சரியாக எப்போது தேவையோ அப்போது கையில் இருக்காது. அதைவிட உபயோகம் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம். மீளவே முடியாத நிலைக்குப் போய்விட்டால் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது, யாரைக் கேட்க வேண்டும் என்று நினைவு இருக்கும்போதே எழுதிவைப்பது. 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 ஜனவரியில் எளிதாக்கிவிட்டார்கள், இரண்டு சாட்சிகளும் ஒரு நோட்டரியும் போதும். ஈரோடு நீதிமன்றத்துக்கு எதிரே அரை மணி நேரத்தில் முடிந்தது. நோட்டரி படித்துப் பார்த்துவிட்டு, "இந்த வயதில் எதற்கு அம்மா?" என்றார். அவள் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினாள்.

போன ஆண்டு இறுதியில் திருப்பூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். 22 வயது. கூட இன்னொருத்தி, 21. ஒரே கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். ஒருத்தி வீட்டில் காணவில்லை என்று புகார் கொடுத்துவிட்டார்கள். அவர்கள் செய்திருந்தவை எல்லாம் சினிமாவில் பார்த்தவை: போனை அணைத்துவைத்தார்கள், பஸ் மாறி மாறிப் போனார்கள், கிளம்பும்போது ஒருத்தி அம்மாவின் 3 பவுன் சங்கிலியையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். "அது எனக்காகச் செய்த நகைதான் அக்கா" என்றாள். இருக்கலாம். ஆனால் காணாமல் போன புகார் ஒரு வாக்குமூலத்தில் முடிந்துவிடும், திருட்டுப் புகார் முடியாது. அன்றைக்கே வழக்கறிஞர் மூலமாக நகையைத் திருப்பிக் கொடுக்கவைத்து ரசீது வாங்கினோம். நகைக்குப் பதிலாக எடுத்து வந்திருக்க வேண்டியவை பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலும் ஆதாரும் வங்கிப் புத்தகமும். வயதை நிரூபிக்க முடியாதவளுக்கு எந்தத் தீர்ப்பும் உதவாது.

2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்களின் வழக்கில் கொடுத்த உத்தரவு எங்கள் ஃபைலில் நான்காவது காகிதம். வயது வந்த இருவர் தாமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு காவல்துறை புகாரை முடித்துவிட வேண்டும் என்கிறது. இவர்களைத் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளிலேயே சேர்த்துவிட்டார்கள். அந்த நகலோடு, ஒரு பெண் வழக்கறிஞரையும் அழைத்துக்கொண்டு, அவர்களாகவே காவல் நிலையத்துக்குப் போனார்கள். தேடிப் பிடித்துக் கொண்டுவரப்படுவதற்கும் தாமாக நடந்து போவதற்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே பார்க்கலாம். இன்ஸ்பெக்டர் உத்தரவை முழுவதும் படிக்கவில்லை. முத்திரையைப் பார்த்தார், தேதியைப் பார்த்தார், எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசம். தொலைபேசி எண் 15100. வீட்டில் அடைத்துவைத்துவிட்டால் ஆட்கொணர்வு மனு. வேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருவருக்காகப் போட்ட மனுவில்தான் 2025 மே 22 அன்று நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதனும் லட்சுமிநாராயணனும், குடும்பம் அமையத் திருமணம் ஒன்றுதான் வழி என்பதில்லை என்று எழுதினார்கள். அந்தத் தீர்ப்பை அச்சடித்து வந்த அன்று ஃபைல் கொஞ்சம் கனத்தது.

ரேஷன் கார்டு மட்டும் இன்னும் வரவில்லை. இணையாக வாழ்பவர்களை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்று மத்திய அரசு மாநிலங்களுக்குச் சொல்லியிருப்பதாக 2024 செப்டம்பர் 1 அன்று செய்திக் குறிப்பு வந்தது. அதை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனோம். மேசையில் இருந்தவர் நல்ல மனிதர், இப்படி ஒன்று தமக்கு வரவில்லையே என்று இரண்டு முறை படித்தார். முதலில் பழைய அட்டைகளிலிருந்து இருவரும் பெயரை நீக்கி வாருங்கள், பிறகு பார்க்கலாம் என்றார். என் பெயரை அப்பா நீக்கிக் கொடுத்துவிட்டார். அவள் பெயர் அண்ணனுடைய அட்டையில் இருந்தது. நீக்குவதற்கு அவருடைய போனுக்குத்தான் ஓடிபி வரும். அவள் கேட்க மாட்டேன் என்றாள். மூன்று நாள் அதே பேச்சு. நான்காம் நாள் நானே வாட்ஸ்அப்பில் எழுதினேன்: அண்ணா, அட்டையில் பெயர் நீக்க வேண்டும், எண் வந்தால் அனுப்ப முடியுமா? ஒரு மணி நேரம் கழித்து எண்கள் மட்டும் வந்தன. வேறு ஒரு வார்த்தை இல்லை. மறு வாரம் தோட்டத்திலிருந்து ஒரு மூட்டை தேங்காய் பஸ்ஸில் வந்து இறங்கியது. மூட்டையின் மேல் என் பெயர் எழுதியிருந்தது.

2025 ஜூனில் காலில் இருந்த பிளேட்டை எடுக்க வேண்டியிருந்தது. வேறு மருத்துவமனை. நீல ஃபைலைக் கையில் பிடித்தபடி போனேன். ஒப்புதல் படிவத்தை அவளிடம் கொடுக்கச் சொன்னேன், கொடுத்தார்கள், அவளே கையெழுத்துப் போட்டாள். ஃபைலைத் திறக்கவே இல்லை. துணைக்கு இருப்பவருக்கான அனுமதிச் சீட்டில் மட்டும் 'உறவு' என்ற கட்டம் இருந்தது. 'இணை' என்று எழுதிக் கொடுத்தேன். கணினியில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தாள். "அக்கா, இதில் இந்த வார்த்தை இல்லைங்க. கணவர் இருக்கிறது, மனைவி இருக்கிறது, அண்ணி, நாத்தனார்கூட இருக்கிறது. கடைசியில் 'மற்றவை' என்று இருக்கிறது. அதைப் போடட்டுங்களா?" போடு கண்ணு என்றேன்.

கழுத்தில் மாட்டிக்கொள்ளும் நாடாவோடு சீட்டு வந்தது. என் பெயர், அதன் கீழே 'உறவு: மற்றவை'. இரண்டு நாள் அதை மாட்டிக்கொண்டு அலைந்தேன். மயக்கம் தெளிந்த அன்று இரவு அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என் கழுத்துச் சீட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "ஏனுங்க மற்றவை, அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் எடுங்க" என்றாள்.